பிரிக்காத கடிதங்களோடு வருகிறவர்கள் ஏன் முன்னாலேயே வருவதில்லை?

கவி:
ஓர் உதவி மையத்தில் வாரக் கடைசியில் உட்காருகிறேன். வீடில்லாதவர்கள், சிறையிலிருந்து வந்தவர்கள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். வாடகை பாக்கி, வராத சம்பளம், நின்றுபோன உதவித்தொகை, கடன் நோட்டீஸ். எல்லாம் முற்றி, கெடு தாண்டிய பிறகுதான் வருகிறார்கள். கையில் ஒரு கட்டுக் கடிதம், பாதி பிரிக்கவே இல்லை. இலவசச் சட்ட உதவி உண்டு என்று வாசலில் போர்டே இருக்கிறது. அப்புறம் ஏன்?

பழைய முகவரி:
அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தவன் நான். முதலில் வேலையில் முதுகு போனது. சம்பளம் நின்றது, வாடகை நின்றது. ஒருநாள் திரும்பி வந்தால் அறைக்கு வேறு பூட்டு. அடையாள அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் உள்ளே. உதவித்தொகைக்குப் போனால் முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரி இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கப் போகிறேன்? படிவத்தில் 'உங்கள் பிரச்சினை எது' என்று ஒரே ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்வார்கள் பாருங்கள், அங்கேயே பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

சட்டம் என்றால் எனக்குப் போலீஸும் கோர்ட்டும்தான். பூட்டை மாற்றியதில் வீட்டுக்காரரைக் கேள்வி கேட்கலாம் என்றே தோன்றவில்லை. வாடகை தராதவனுக்கு என்ன பேச்சு? கடிதம் பிரிக்காததும் சோம்பல் இல்லை. பிரித்தால் ஏதாவது செய்தாக வேண்டும். ராத்திரி எங்கே படுப்பது என்பதே முடிவாகியிருக்காது.

அப்புறம் அலைக்கழிப்பு. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், மரியாதையாகவே இன்னொரு நம்பர் எழுதிக் கொடுத்தார்கள். போன இடமெல்லாம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு பெண்மணி நம்பரை என்னிடம் தராமல் தானே போன் போட்டு, "இவர் பக்கத்தில்தான் இருக்கிறார், பேசுங்கள்" என்றார். அதற்குப் பிறகுதான் விஷயம் நகர்ந்தது.

வாய்தா:
நான் வக்கீல். இவர் சொல்வது ஆய்வுகளிலும் இருக்கிறது. சமூகவியலாளர் ரெபெக்கா சாண்டிஃபர் ஓர் அமெரிக்க நகரத்தில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தங்கள் வீடு, கடன், வேலைச் சிக்கல்களில் 9 சதவீதத்தைத்தான் சட்டம் சார்ந்தவையாகப் பார்த்தார்கள். நிறையப் பேருக்கு அது கெட்ட நேரம், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பாஸ்கோ பிளெசன்ஸ் என்பவரின் ஆய்வுக் குழு கண்டது, ஆள் மாற்றி ஆளிடம் அனுப்ப அனுப்ப, போய்ச் சேருகிறவர்கள் குறைகிறார்கள்.

ஆனால் கவி, சிவில் நீதிமன்றம் யாருக்காகவும் காத்திருக்காது. பதில் போடாவிட்டால் எதிர்த்தரப்பு சொன்னதே நின்று எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நாம் இல்லாமலே தரும் தீர்ப்பு, வந்துவிடலாம். கடிதக் கட்டைப் பார்த்ததும், கதை கேட்கும் முன் தேதிகளைப் பாருங்கள். கெடு தாண்டியிருந்தாலும் விடாதீர்கள். தகுந்த காரணம் காட்டி அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்கப் பல நாடுகளில் வழி உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டு, தங்குமிடப் பதிவேடு எல்லாம் அப்போது உதவும்.

பழைய முகவரி:
கதைக்கு முன் தேதியா? அப்படி ஆரம்பித்தவர்களிடம் நான் இன்னொரு தடவை போனதில்லை சார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் பிரியுங்கள். பேச்சு தானாக வரும், தேதியும் கண்ணில் படும்.

வாய்தா:
சரி, அது இன்னும் நல்ல வழி.

கவி:
அதற்கென்று தனி மேசை கேட்டுப் பார்க்கிறேன். வருகிறவருக்காக நான் போனில் பேச எழுத்தில் ஒப்புதல் வேண்டுமா?

வாய்தா:
அவரே போனில் "இவரோடு பேசுங்கள்" என்று சொன்னால் அந்த அழைப்புக்குப் பெரும்பாலும் போதும். பிறகு அவர் இல்லாதபோது பேச, கையெழுத்து வாங்கி வையுங்கள்.