மறு: கெர்ஃபிங் – பற்பட்டியா, அறுவாய்ப் பட்டியா?

அனைவருக்கும் வணக்கம்.

உகுலேலே (கிதார் போன்ற சிறிய நாலு தந்திக் கருவி) செய்முறைக் குறிப்புகளைத் தமிழாக்கும் வேலையில் 'கெர்ஃபிங்' என்பதற்கு மட்டும் சொல் இன்னும் முடிவாகவில்லை. பக்கப்பலகையோடு மேற்பலகையும் பின்பலகையும் சேரும் இடத்தில் உட்புறமாக ஒட்டும், வரிசையாக அறுப்பு இட்ட மரப்பட்டி அது. மெட்டு (fret), குதிரை (bridge), பிருடை (tuning peg) மூன்றும் வீணையிலிருந்தே கிடைத்துவிட்டன. இதற்கு வீணைப் பட்டறையில் தேடிப் பயனில்லை. தஞ்சாவூர் வீணையின் குடம் பலாக்கட்டையைக் குடைந்து எடுப்பது. குடத்தின் சுவரே தடிமனாக இருப்பதால் மேற்பலகை ஒட்ட வேறு கட்டை வேண்டியதில்லை. பொருள் இல்லாத இடத்தில் சொல்லும் இல்லை.

உகுலேலேயில் பக்கப்பலகை 1.6 மி.மீ., மேற்பலகை 1.8 மி.மீ. அளவில்தான் இருக்கும். அப்படியே ஒட்டினால் பசை பிடிக்க 1.6 மி.மீ. அகலம்தான் கிடைக்கும். உட்புறம் 6 மி.மீ. பட்டி ஒட்டினால் அது 7.6 ஆகிறது. இன்னொரு காரணமும் உண்டு. வெளி ஓரத்தில் அலங்காரப் பட்டி பதிக்க 1.5 மி.மீ. காடி (பள்ளம்) எடுத்தால் அந்த இடத்தில் பக்கப்பலகை ஏறக்குறைய முழுதும் போய்விடும். உள்ளே பட்டி இல்லையென்றால் பெட்டி வாய்பிளக்கும்.

6 மி.மீ. கட்டை, பெட்டி நடுவே ஒடுங்கும் இடுப்பு வளைவுக்கு வளையாது. அதனால் 5 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே அறுத்து, அடியில் 0.8 மி.மீ. மட்டும் விட்டுவைக்கிறோம். பார்ப்பதற்குச் சீப்புப் போல இருக்கிறது. எனவே 'பற்பட்டி' என்பது என் முன்மொழிவு.

————

> பார்ப்பதற்குச் சீப்புப் போல இருக்கிறது

ஐயா, பார்வைக்குச் சரி. ஆனால் அந்தப் பட்டியை வளைய வைப்பது பல் அல்ல, பற்களுக்கு நடுவே ரம்பம் தின்ற வெளி. கெர்ஃப் என்பதும் அந்த வெளியைத்தான் குறிக்கிறது. அதற்குச் சொல் வைக்காமல் பட்டிக்குப் பெயர் வைப்பது தலைகீழ் வேலை.

கணக்குப் போட்டால் தெரியும். பட்டியை அறுப்பு உள்நோக்கி இருக்க ஒட்டும்போது, தோள், வயிறு (இடுப்புக்கு மேலும் கீழும் அகன்ற பகுதிகள்) இரண்டிலும் வெளிகள் மூடிக்கொள்கின்றன; இடுப்பில் விரிகின்றன. பற்களின் இடைத்தூரத்தை அறுப்பின் ஆழத்தால் பெருக்கி, வெளியின் அகலத்தால் வகுத்தால், பட்டி எந்த ஆரம்வரை வளையும் என்பது கிடைக்கும். இடைத்தூரம் 5, ஆழம் 5.2, அகலம் 0.6 என்றால் சுமார் 43 மி.மீ. அதே பட்டியை 0.3 மி.மீ. மெல்லிய ரம்பத்தால் அறுத்தால் சுமார் 87 மி.மீ. சொப்ரானோ என்னும் சிறிய வகை உகுலேலேயின் தோள் வளைவுக்கு அது போதாது. பற்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும்; அதற்கு மேலும் அழுத்தினால் அடிப்பகுதி பிய்ந்துவிடும். மரம் சரியில்லை என்று பலர் நினைப்பது இதைத்தான். பழுது மரத்தில் இல்லை, ரம்பத்தில் இருக்கிறது.

இந்த வெளிக்கு 'அறுவாய்' என்று வைக்கலாம். குறள் 1117இல் தேய்பிறையில் குறைந்துபோன இடத்தை வள்ளுவர் அறுவாய் என்கிறார். அறுத்ததால் குறைந்த இடம் என்பது ரம்ப வேலைக்கு அப்படியே பொருந்துகிறது. பட்டி 'அறுவாய்ப் பட்டி' ஆகும்.

இந்தச் சொல் வேறு இரண்டு இடங்களிலும் உதவும். உகுலேலேக்குப் பயன்படும் ஹவாயின் கோவா (koa) மரம் விலை கூடியது. 25 மி.மீ. கனமுள்ள பலகையை 3 மி.மீ. தகடுகளாக அறுக்கிறோம் என்று வையுங்கள். அறுவாய் 3 மி.மீ. உள்ள வட்ட ரம்பத்தில் 4 தகடு, 1 மி.மீ. உள்ள பேண்ட்சாவில் (பட்டை ரம்பத்தில்) 6 தகடு. அடுத்தது, மெட்டு பதிக்கும் இடம். ஒரே இழுப்பில் அறுப்பதால் ரம்பத்தின் அறுவாய்தான் அங்கே அகலம், 0.6 மி.மீ.க்கு மேல் போனால் மெட்டு தளரும், மிகக் குறைந்தால் மெட்டுகள் ஆப்பு போல இறங்கிக் கழுத்தைப் பின்பக்கம் வளைத்துவிடும்.

————

இருவர் சொல்வதும் தேவை என்றுதான் எனக்குப் படுகிறது. அறுவாய் அருமையான சொல், அளவைக் குறிக்கும் சொல்லாக அதை ஏற்கிறேன். பொருளின் பெயராக வேண்டாம். பட்டறைச் சத்தத்தில் "அறுவாய்ப் பட்டி எடு" என்றால் அருவாளா என்று கேட்பார்கள். "பற்பட்டி எடு" என்றால் பார்த்தே எடுத்துவிடலாம்.

1879 ஆகஸ்ட் 23 அன்று மதீராத் தீவிலிருந்து ரேவன்ஸ்க்ராக் கப்பலில் ஹொனலுலு வந்து, பின்னர் இந்தக் கருவிக்கு வடிவம் கொடுத்த மனுவெல் நூனெஸ், அகுஸ்தோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ மூவரும் மரச்சாமான் செய்பவர்கள். இதன் உள்வேலை தச்சு வேலைதான். அதனால் காடி, பட்டி, முளை, பல் என்று தச்சர் வாயில் புழங்கும் சொற்களையே இயன்றவரை வைத்துக்கொள்வோம்.

பற்பட்டி என்பதற்கு இன்னொரு வசதி, வகைகளைப் பிரிக்கலாம். ஸ்பானிய கிதார் மரபில் மேற்பலகையை ஒட்டப் பெரும்பாலும் பட்டி வைப்பதில்லை. சிறு கட்டைகளைத் தனித்தனியாக வரிசையாக ஒட்டுவார்கள். அது 'தனிப்பல்'. அறுக்காத பகுதி பெட்டியின் உள்ளே பார்க்க, பற்கள் பக்கப்பலகையில் ஒட்டும் வகை 'தலைகீழ்ப் பற்பட்டி'. பக்கம் நன்றாக விறைக்கும், பிதுங்கிய பசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே சொன்ன கணக்கு இதில் புரண்டுவிடும். இடுப்பில்தான் அறுவாய் மூடும். குறுகிய இடுப்புள்ள அச்சுக்கு 0.6 போதாது, 0.8 வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 0.8 மி.மீ. அறுக்காத பகுதிக்கும் பெயர் வேண்டும். சீப்பு என்றே தொடங்கினோம், அதை 'முதுகு' என்போம். முதுகு 1.5 மி.மீ. இருந்தால் இடுப்பில் முறியும், 0.4க்குக் கீழே போனால் கையில் எடுக்கும்போதே உதிரும்.

————

முந்தைய மடலில் அம்மா சொன்ன பிரிவு சரி. அறுவாய் வெளிக்கு, பற்பட்டி பொருளுக்கு. அறுவாய்ப் பட்டியை விட்டுவிடுகிறேன். வெளியே பதிப்பதை 'ஓரப்பட்டி' என்று வைத்தால் இரண்டும் குழம்பாது. 'மெட்டுக் காடி' ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று பார்க்க, பற்பட்டிப் பகுதியை எழுதிப் பார்த்தேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"6 மி.மீ. கனம், 70 மி.மீ. அகலமுள்ள மஹாகனி அல்லது பாஸ்வுட் பலகையை எடுக்கவும். மர ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். சாய்ந்து ஓடினால் முதுகு அந்த ரேகையிலேயே பிளக்கும். முதலில் பலகை முழுவதையும் குறுக்கே, 5 மி.மீ. இடைத்தூரத்தில், 5.2 மி.மீ. ஆழத்துக்கு அறுக்கவும். ரம்பத்தின் அறுவாய் 0.6 மி.மீ. இடைத்தூரம் மாறாதிருக்க, தாங்கு கட்டையில் மெல்லிய முளை அடித்து, முன் அறுத்த அறுவாயை அதில் மாட்டி அடுத்ததை அறுக்கவும். அதன் பிறகே 8 மி.மீ. உயரப் பட்டிகளாகக் கிழிக்கவும். கிழிக்கும் ரம்பத்தின் அறுவாய் 2 மி.மீ. என்றால் ஏழு பட்டி கிடைக்கும்.

பசை தடவுமுன் பற்பட்டியை வெறுமனே பொருத்திப் பார்க்கவும். இடுப்பு வரும் இடத்தில் முதுகை ஈரத்துணியால் துடைத்தால் முறியாது. பசையை முதுகில் மட்டும் மெல்லியதாகத் தடவவும். அறுவாய்க்குள் பசை இறங்கினால் பட்டி வளையாமல் விறைக்கும். பக்கப்பலகை விளிம்புக்கு மேல் 0.5 மி.மீ. நீட்டி வைத்து, இரண்டு பல்லுக்கு ஒன்றாகத் துணி கிளிப் மாட்டவும். கிளிப்பின் வாயில் ரப்பர் வளையம் சுற்றினால் பிடி இறுகும். மஞ்சள் தச்சுப் பசை என்றால் ஒரு மணி நேரம் விடவும். காய்ந்தபின் சமப்பலகையில் 80ஆம் எண் உப்புத்தாள் ஒட்டி, நீட்டிய 0.5 மி.மீ.யைத் தேய்த்து எடுக்கவும். பின்பலகைப் பக்கம் மட்டும் சமப்பலகைக்குப் பதில் 4.5 மீட்டர் ஆரமுள்ள குழிப்பலகையில் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் கவிந்த பின்பலகை பற்பட்டியின் ஒரு விளிம்பை மட்டுமே தொடும்."

'குழிப்பலகை' நான் வைத்தது. கவிந்த பலகைக்கு அச்சாக இருப்பதால் 'கவிவு அச்சு' பொருந்துமா என்று யோசிக்கிறேன்.