1970களில் ஆடிய ஒருவரைக் கல்லூரியின் ஹால் ஆஃப் ஃபேமுக்கு வெளியாள் பரிந்துரைக்கலாமா?

தெருமுனை:

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பற்றித் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். சான் ஹோசேயில் எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய ஒரு அமெரிக்க அம்மா இருக்கிறார், மாலை நேரத்தில் என் பெண்ணுக்குக் கூடைப்பந்து சொல்லித் தருபவர். 1970களின் தொடக்கத்தில் மத்திய மேற்கில் ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்கு அவர் கேப்டனாக இருந்தார் என்பதே எங்களுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்து காட்டினார். அதில் ஒரு கருப்பு வெள்ளைப் படம், இரண்டு வரிசையாகப் பெண்கள். சட்டையில் எண் அச்சடிக்கவில்லை, எலக்ட்ரிக் டேப்பை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இவர் எண் 14, அதில் நாலின் கால் உரிந்து தொங்குகிறது.

அந்தக் கல்லூரி ஒவ்வொரு வருடமும் பழைய வீரர்களை ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சிறந்தவர்களைக் கௌரவிக்கும் பட்டியலில், சேர்க்கிறது. வெள்ளிக்கிழமை விருந்து, சனிக்கிழமை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில் மைதான நடுவில் நிறுத்திப் பெயர் வாசிப்பது என்று நன்றாகவே செய்கிறார்கள். இணையத்தில் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன், அந்தக் காலத்துப் பெண்கள் ஒருவர்கூட இல்லை.

அங்கே படிக்காத நான் அவர் பெயரைக் கொடுக்கலாமா? அவர் பட்டம் வாங்கும் முன்பே திருமணமாகிக் கிளம்பிவிட்டார், அது தடையா? கல்லூரிக்குப் பிறகு அவர் எங்கும் ஆடவும் இல்லை. இதையெல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்வதா, சொல்லாமல் செய்வதா?

நீளம் தாண்டி:

தாராளமாகக் கொடுக்கலாம் சார். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் யார் வேண்டுமானாலும் நிரப்பக்கூடிய படிவம் ஒன்று விளையாட்டுத் துறையின் தளத்திலேயே இருக்கும். பழைய வீரர்கள், முன்னாள் பயிற்சியாளர்கள், துறை ஆட்கள் கலந்த ஒரு குழு அதைப் பார்க்கும். விதி இடத்துக்கு இடம் மாறும். ஆடி முடித்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பார்கள், சில இடங்களில் பத்து, உங்கள் விஷயத்தில் அது பிரச்சினையே இல்லை. பட்டம் கட்டாயம் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு, அதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

பட்டம் இல்லாமல் மிகப் பெரிய உதாரணம் வேண்டுமென்றால் ஜாக்கி ராபின்சன். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால், கூடைப்பந்து, தடகளம், பேஸ்பால் நான்கிலும் ஆடிவிட்டு 1941-இல் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். 1940-இல் நீளம் தாண்டுதலில் தேசியக் கல்லூரி சாம்பியன். நான்கில் அவருக்கு மோசமாக அமைந்தது பேஸ்பால்தான், அந்த சீசன் பேட்டிங் சராசரி வெறும் .097, ஆனால் 1947-இல் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்தது அதே பேஸ்பாலில். யுசிஎல்ஏ 1984-இல் ஹால் ஆஃப் ஃபேம் தொடங்கியபோது முதல் தொகுப்பிலேயே அவர் பெயர் இருந்தது. 2014-இல் அவருடைய 42-ஆம் எண்ணை எல்லா விளையாட்டிலும் இனி யாருக்கும் புதிதாகக் கொடுப்பதில்லை என்று அறிவித்தார்கள். இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான், அவர் 1972-இலேயே இறந்துவிட்டார். அதனால் உங்கள் தெரு அம்மா விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம், அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். தேதி, எதிரணி, புள்ளி எல்லாம் அவர் வாயால்தான் வர வேண்டும்.

கேலரி டிக்கெட்:

நல்ல மனதோடு செய்கிறீர்கள், ஆனாலும் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். விழா நடத்துவது விளையாட்டுத் துறை, நிதி திரட்டுகிறவர்களும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்துக்கு மேஜை மேஜையாக டிக்கெட் விற்கும். ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும்தான் டிவி பணத்தைக் கொண்டுவருகின்றன, பழைய நன்கொடையாளர்களின் ஞாபகத்தில் இருப்பதும் அந்த ஆட்டங்கள்தான், அதனால் பட்டியலும் அந்தப் பக்கமே சாய்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். இந்தப் பெண்கள் ஆடியபோது ஒரு சட்டை வாங்கித் தராத துறை, ஐம்பது வருடம் கழித்துச் சுவரில் ஒரு பலகை மாட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

பவுன்ஸ் பாஸ்:

தீராது. ஆனாலும் பலகை வேண்டும் தம்பி, பெயர் இல்லாவிட்டால் அப்படி ஒரு அணி இருந்ததே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

தெருமுனை, அவர் ஆடிய காலத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு படிவம் எழுதினால் நல்லது. கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பான என்சிஏஏ அப்போது பெண்களுக்குப் போட்டி நடத்தவில்லை, 1981-82 சீசனில்தான் பெரிய அளவில் தொடங்கியது. அதற்கு முன் பெண்களின் கல்லூரி விளையாட்டை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற தனி அமைப்பு. அதன் முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டி 1972-இல் இல்லினாய் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜெயித்தது ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்னப் பெண்கள் கல்லூரி, இமாகுலாட்டா. போக்குவரத்துச் செலவுக்குப் பல் தேய்க்கும் பிரஷ் விற்றிருக்கிறார்கள். பணம் போதாமல் எட்டுப் பேர்தான் விமானம் ஏறினார்கள், அதுவும் காலி இருக்கை இருந்தால் உண்டு என்ற ஸ்டாண்ட்பை டிக்கெட்டில். பயிற்சியாளர் கேத்தி ரஷ்ஷுக்கு வருடத்துக்கு 450 டாலர் சம்பளம். இறுதியில் வெஸ்ட் செஸ்டரை 52-48 என்று தோற்கடித்து, 1973, 1974 கோப்பைகளையும் அவர்களே எடுத்தார்கள். அந்த மொத்த அணியையும் கூடைப்பந்துக்கென்றே உள்ள நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2014-இல்! இடையில் எத்தனை வருடம் போயிருக்கிறது பாருங்கள்.

கல்லூரிக்குப் பிறகு ஆடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆடுவதற்கு எங்கே இருந்தது? அமெரிக்காவில் பெண்களுக்குத் தொழில்முறை லீக் என்று ஒன்று 1978-இல்தான் வந்தது, அதுவும் மூன்று சீசனில் மூடிவிட்டார்கள். ஸ்காலர்ஷிப்பும் அப்படித்தான், ஏஐஏடபிள்யூ ஆரம்பத்தில் அதை அனுமதிக்கவே இல்லை, வழக்கு வந்த பிறகு 1973-இல்தான் விட்டது. குழு இளைய ஆட்களாக இருந்தால் இது தெரியாமல் "ஆல் அமெரிக்கன் (நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் என்ற தேர்வு) இல்லையே, சாதனைப் புள்ளி இல்லையே" என்று கேட்பார்கள். அந்த ஆட்டங்களில் ரீபவுண்டை யாரும் எண்ணி வைக்கவில்லை என்று பணிவாக, ஆனால் தெளிவாக எழுதுங்கள்.

ஆதாரத்துக்குக் கல்லூரி ஆண்டு மலர், மாணவர் பத்திரிகை, உள்ளூர் செய்தித்தாள். பல நூலகங்கள் ஸ்கேன் செய்து வைத்திருக்கின்றன, மின்னஞ்சல் போட்டால் எடுத்துத் தருவார்கள். ஏஐஏடபிள்யூ ஆவணங்கள் மேரிலாந்து பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன.

பழைய ஸ்பைக்ஸ்:

நீங்கள் சான் ஹோசே என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சான் ஹோசே ஸ்டேட் வளாகத்தில் டவர் ஹாலுக்கும் கிளார்க் ஹாலுக்கும் அருகே புல்வெளியில் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் சிலை இருக்கிறது, பெண்ணை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். இருவரும் அந்தக் கல்லூரியில் படித்த கறுப்பின ஓட்ட வீரர்கள், தடகளப் பயிற்சியாளர் பட் வின்டரிடம் பயிற்சி எடுத்தவர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை ஸ்மித் 19.83 வினாடியில் ஓடி உலக சாதனை, கார்லோஸ் மூன்றாவது. பதக்க மேடையில் ஷூ இல்லாமல் கருப்புக் காலுறையோடு நின்று, இனப் பாகுபாட்டை எதிர்த்து, ஆளுக்கு ஒரு கருப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தினார்கள். அதற்காக அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள், ஊர் திரும்பிய பிறகு கொலை மிரட்டல், வேலை கிடைக்காத கஷ்டம்.

சிலை வந்தது 2005-இல், 37 வருடம் கழித்து. அதைத் தொடங்கிவைத்தது விளையாட்டுத் துறை கிடையாது, ஒரு மாணவர் கேள்வி கேட்டு, மாணவர் பேரவை கையில் எடுத்ததால் நடந்தது. அதனால் வெளியாள் கேட்கலாமா என்று தயங்கவே வேண்டாம். சிலையில் உள்ள பதக்க மேடையில் இரண்டாம் இடம் காலியாக இருக்கும். வெள்ளி வென்ற ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன், தன் உருவம் வேண்டாம், வருகிறவர்கள் அந்த இடத்தில் ஏறி நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். திறப்பு விழாவுக்கும் வந்திருந்தார். மறு வருடம் அவர் இறந்தபோது ஸ்மித்தும் கார்லோஸும் ஆஸ்திரேலியா போய்ச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள்.

கேலரி டிக்கெட் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிலை வைத்த அந்த நேரத்தில் அங்கே தடகள அணியே கிடையாது, 1988-இல் செலவைக் காரணம் காட்டிக் கலைத்திருந்தார்கள். மீண்டும் தொடங்குவதாக 2016-இல்தான் அறிவித்தார்கள். அதை வைத்துச் சிலை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சிலை அங்கே நின்றதால்தான் அணி எங்கே என்று கேட்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

கேலரி டிக்கெட்:

சரி, நார்மன் விஷயம் எனக்குத் தெரியாது. அணி இல்லாத கல்லூரியில் சிலை என்பதை மட்டும் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. தெருமுனை, பரிந்துரைக் கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், ஆங்கிலத்தில் இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய எழுதியிருக்கிறேன்.

தெருமுனை:

எல்லோருக்கும் நன்றி. விதியைப் பார்த்துவிட்டேன், பட்டம் கட்டாயம் என்று இல்லை. நேற்று அவரிடமும் பேசினேன். முதலில் "அதற்கெல்லாம் நான் யார்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்து, என் பெயரை மட்டும் தனியாக அனுப்பாதே, மொத்த அணியையும் அனுப்பு என்றார். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் சொன்னார். ஓரத்தில் சட்டை எண் இல்லாமல் ஒருத்தி நிற்கிறாள், அணி மேனேஜராம். பனியில் வேன் ஓட்டியது, துவைத்தது, ஸ்கோர் எழுதியது எல்லாம் அவள்தானாம், அவளையும் சேர்த்தால்தான் சம்மதம் என்கிறார். இருவர் இறந்துவிட்டார்கள். மேனேஜரைச் சேர்க்க முடியுமா?

பவுன்ஸ் பாஸ்:

படிவத்தில் அணிப் பிரிவு இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மேனேஜர் பெயரையும் அணிப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள், கேட்டால் விளக்கிக்கொள்ளலாம். ஸ்கோர் எழுதியவர் அவர்தான் என்றால் அந்த நோட்டு இன்னும் அவர் வீட்டில் இருக்கலாம், உடனே விசாரியுங்கள், இதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது. இன்னொன்று, பல பல்கலைக்கழகங்கள் அந்தக் காலத்துப் பெண்களுக்கு அப்போது கொடுக்காத வார்சிட்டி லெட்டரை (கல்லூரி அணியில் ஆடியதற்கான எழுத்துச் சின்னம்) இப்போது கூப்பிட்டுக் கொடுத்திருக்கின்றன. அதையும் தனியாகக் கேட்டு ஒரு கடிதம் போடுங்கள், ஹால் ஆஃப் ஃபேம் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். இறந்த இருவரின் குடும்பத்து முகவரியை அவரிடமே வாங்கி வையுங்கள். படத்தைச் செல்போனில் எடுக்காமல் நல்ல ஸ்கேனரில் போடுங்கள், பின்பக்கம் பேனாவில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து.