டயல் கேஜில் 36, பங்கில் 31: எதை நம்புவது? நாளைக் காலை ஏற்காடு போகணும்

மாங்கனி நகர் (மாலை 6.40)
வணக்கம். டயர் பிரஷர் பார்க்க புதுசாக ஒரு டயல் கேஜ் வாங்கினேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் நாலு டயரும் 36 பாயிண்ட் (psi) காட்டுகிறது. பங்கில் 31 என்று சொல்லித்தான் காற்று அடித்தார்கள். எது சரி? நாளைக் காலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஏற்காடு கிளம்புகிறோம். காற்றை இறக்கவா, அப்படியே விடவா? சீக்கிரம் சொல்லுங்கள்.

மலைப்பாதை
என்ன வண்டி? டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் எவ்வளவு போட்டிருக்கிறது? அது தெரியாமல் 31ஆ 36ஆ என்று பேசுவது வீண். டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைச் சொல்லிவிடாதீர்கள், அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு.

பழைய இரும்பு
இந்தக் கேள்விக்குப் பத்துத் தடவையாவது பதில் எழுதியிருக்கிறேன், தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும், சூட்டில் காற்று விரியும், 4, 5 பாயிண்ட் கூடத்தான் காட்டும். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். ஆறவிட்டுப் பாருங்கள், 31 வரும்.

கோரிமேடு வாசி
பங்கில் அடித்தது எப்போது, வீட்டில் பார்த்தது எப்போது? நடுவில் எவ்வளவு ஓட்டினீர்கள்? இதைச் சொன்னால்தான் மேலே பேச முடியும்.

காபித்தோட்டம்
நைட்ரஜன் போட்டுவிடுங்க, இந்தத் தொல்லையே இருக்காது. நான் மூணு வருஷமாக அதுதான், மலை ஏறி இறங்கினாலும் அசையாது.

மலைப்பாதை
சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் அண்ணா. சூட்டில் அதுவும் காற்று போலத்தான் விரியும்.

காபித்தோட்டம்
ஈரம் இருக்காதே தம்பி. பங்க் கம்ப்ரசரில் தண்ணீர் தேங்கி டயருக்குள் போவதை நீங்கள் பார்த்ததில்லையா? ரிம் துருப்பிடித்து நான் மாற்றியிருக்கிறேன்.

மாங்கனி நகர்
ஹேட்ச்பேக். ஸ்டிக்கரில் 33. பங்கில் அடித்தது நேற்று சாயங்காலம், ஆத்தூரிலிருந்து வந்த கையோடு. வீட்டில் பார்த்தது இன்று காலை, வண்டி எடுக்கும் முன்.

கோரிமேடு வாசி
அப்படியென்றால் சூடு காரணமே இல்லை, கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஆத்தூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்த டயரில் 31 வைத்தால், ராத்திரி ஆறிய பிறகு 28, 29க்கு இறங்கியிருக்க வேண்டும். உங்கள் கேஜோ 36 என்கிறது. ஏழெட்டு பாயிண்ட் எங்கேயோ பொய். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கேஜை எதிலும் மாட்டாமல் சும்மா கையில் வைத்தால் முள் எங்கே நிற்கிறது? டயலில் கடைசி எண் என்ன?

பழைய இரும்பு
பங்க் கேஜ் தப்பாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லையா? நாள் முழுக்கத் தரையில் போட்டு இழுக்கிற கேஜ் அது. புதுக் கேஜைச் சந்தேகப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாங்கனி நகர்
பார்த்தேன். சும்மா வைத்தாலும் முள் 0-வில் இல்லை, 5-க்கான கோட்டின் மேல் நிற்கிறது. கடைசி எண் 160. டப்பா ஒரு மூலையில் நசுங்கித்தான் வந்தது, நான் கண்டுகொள்ளவில்லை.

கோரிமேடு வாசி
அதுதான். டயலுக்குப் பின்னால் வளைந்த, தட்டையான ஒரு சின்னப் பித்தளைக் குழாய் இருக்கும். காற்று உள்ளே போனால் அது நிமிரப் பார்க்கும், அந்த இம்மியளவு அசைவைச் சின்னப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். போர்டோன் குழாய் என்பார்கள், 1849-இலேயே வந்த சங்கதி. எங்கேயாவது ஓங்கி விழுந்தால் குழாய் கொஞ்சம் கோணிக்கொள்ளும், அப்புறம் முள் வீடு திரும்பாது. உங்கள் 5 பாயிண்ட் அங்கே போயிற்று.

மீதி, 160 என்பது லாரிக்காரர்களுக்கானது. 2 சதவீதம் பிழை என்று டப்பாவில் போட்டால் பெரும்பாலும் முழு அளவில் 2 சதவீதம். 160-இல் அது 3.2 பாயிண்ட், 60 வரைக்கும் உள்ள கேஜில் 1.2தான். காருக்கு 60 போதும், நீங்கள் பார்க்கும் 33 டயலின் நடுவில் விழும், முள் நம்பகமாக இருக்கும் இடமும் அதுதான். வாங்கும்போது ரப்பர் உறை, அளவைப் பிடித்து வைத்து பட்டனை அழுத்தினால் விடும் வசதி, குட்டி ஹோஸ், இவை இருந்தால் நல்லது. ஒரு பக்கம் கிலோ கணக்கும் இருக்கும், 1 கிலோ என்றால் 14.2 பாயிண்ட், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போதைக்குக் காற்றை இறக்காதீர்கள். உங்கள் கேஜில் 33 வரும்வரை இறக்கினால், உண்மையில் 25, 26-இல் மலை ஏறுவீர்கள். டயர் கடையில் ஆறிய நிலையில் அவர்கள் கேஜில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வால்வு மூடியைக் கழற்றி, வாயில் உள்ள மண்ணைத் துடைத்து, நேராக அழுத்த வேண்டும். உஸ் சத்தம் நிற்காவிட்டால் அந்த அளவு செல்லாது. மூன்று தடவை பார்த்து மூன்றும் ஒன்றாக வந்தால் நம்பலாம்.

மலைப்பாதை
இன்னொன்று. ஏற்காடு 1,515 மீட்டர், சேலம் 280 சொச்சம். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அதே டயர் ஏறக்குறைய 2 பாயிண்ட் கூடக் காட்டும். கீழே சரியாக வைத்தாலும் மேலே 35 வந்தால் பயப்பட வேண்டாம்.

பழைய இரும்பு
மேலே குளிரும் இருக்கிறதே. பத்து டிகிரி இறங்கினால் ஒன்றரை பாயிண்ட் குறையும், இரண்டும் கிட்டத்தட்ட அடிபட்டுப்போகும். ஆகவே கீழே ஆறின டயரில் 33, மேலே ஒன்றும் தொட வேண்டாம். முந்தைய பதிலில் நான் நேரம் கேட்காமல் சொன்னது தப்பு, அது எனக்கும் தெரிகிறது.

காபித்தோட்டம்
இதைத்தான் சொல்ல வந்தேன். நைட்ரஜனை விடுங்க, இறங்கும்போது நடக்கிறதுதான் முக்கியம். இருபது கொண்டை ஊசியிலும் பிரேக்கை மட்டும் மிதித்து வந்தால் சக்கரம் கொதித்து டயரும் சூடாகும், அடிவாரத்தில் முள் 37 காட்டும். அங்கே காற்றை இறக்கிவிட்டு மறுநாள் 29-இல் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏறின கியரிலேயே இறங்குங்க, இரண்டாவது போதும்.

மாங்கனி நகர் (மறுநாள் இரவு 9.15)
காலையில் டயர் கடையில் பார்த்தோம், 28தான் இருந்தது. நாலிலும் 33 வைத்துக்கொண்டு போனோம். அம்மா ஏரியில் படகு ஏறினார். இப்போதுதான் வந்து சேர்ந்தோம். எல்லோருக்கும் நன்றி.

மலைப்பாதை
மேலே போய்ப் பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது?

கோரிமேடு வாசி
ஸ்டெப்னியைப் பார்த்தீர்களா? அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அந்த 160 கேஜையும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், நசுங்கின டப்பாவோடு. மாற்றித் தந்தார்களா என்று சொல்லுங்கள்.