ஜப்பான் சாட்டர்ன் டிஸ்க்: பகடை, சீட்டு, நிலம், மிருகம்… இது என்ன கேம்?

ராயபுரம்88:
ஜப்பான் சேகா சாட்டர்ன் கேம் மெஷின் ஒண்ணு கிடைச்சுது, சாம்பல் கலர் மாடல். கூட வந்த டிஸ்க்குல ஒண்ணு மட்டும் என்னன்னு புரியல. கவர் முழுக்க ஜப்பானிய எழுத்து. அடியில பொடி எழுத்துல 1997, ஓமியா சாஃப்ட்னு மட்டும் இங்கிலீஷ்ல இருக்கு. மேனுவல் படத்துல சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கட்டமா ஒரு பாதை, கட்டத்து மேல மிருகங்க, கீழ ஆறு சீட்டு, ஓரத்துல ஒரு நம்பர் போட்டு பக்கத்துல ஜி.

1) இது ஆர்.பி.ஜி.யா (ஒரு பாத்திரமா கதைக்குள்ள போய் ஆடற கேம்), நம்ம ட்ரேட் மாதிரி போர்டு கேமா?
2) ஜப்பானிய மொழி தெரியாம ஆட முடியுமா?
3) மெஷின் 100 வோல்ட். இன்னும் பிளக்ல சொருகல. ரிச்சி ஸ்ட்ரீட்ல என்ன கேட்டு வாங்கணும்?

மாம்பலம்_மெமரிகார்டு:
கல்ட்செப்ட். 1997 அக்டோபர்ல சாட்டர்னுக்கு வந்த முதல் பாகம். ட்ரேட் போர்டு மேல மாயச் சீட்டுக்கட்டை விரிச்ச மாதிரி. கதை, அதுல எதிராளிகள், ஜெயிக்க ஜெயிக்க சேருற சீட்டு எல்லாம் இருக்கறதால ஆர்.பி.ஜி. வரிசையிலயும் வைக்கறாங்க. ஜி-ங்கறது பணம், கேம்ல அதுக்குப் பேரு மந்திர சக்தி.

மொழி விஷயத்துல ஏமாத்தாம சொல்றேன், கஷ்டம். சீட்டுல எஸ்டி (அடி), எச்பி (உயிர்) நம்பர் புரியும். ஆனா ஆட்டத்தோட ருசியே சீட்டுக்கு அடியில இருக்கற ரெண்டு வரிலதான். போன் கேமரா மொழிபெயர்ப்பு சாட்டர்னோட பொடி எழுத்துல தடுமாறும். முதல்ல இங்கிலீஷ்ல வந்ததை ஆடிப் பழகிட்டு இதுக்கு வாங்க. அமெரிக்காவுல 2003ல பிளேஸ்டேஷன் 2க்கு வெறும் கல்ட்செப்ட்னே வந்தது. ஆனா இங்க கடையில வித்த பிஎஸ்2 எல்லாம் பால் (PAL, இந்திய டிவி முறை) மாடல், அமெரிக்க டிஸ்க் அப்படியே ஓடாது. கம்ப்யூட்டர்ல எமுலேட்டர்தான் (கேம் மெஷின் மாதிரி நடிக்கற சாஃப்ட்வேர்) வழி. நின்டென்டோவோட கையடக்க மெஷின் 3டிஎஸ்ல 2017ல இங்கிலீஷ்ல வந்த கல்ட்செப்ட் ரிவோல்ட் நல்லா இருக்கும். ஆனா 3டிஎஸ்ஸோட ஆன்லைன் கடையை 2023 மார்ச்ல மூடிட்டாங்க, கார்ட்ரிட்ஜ் தேடணும். 3டிஎஸ்ல ரீஜன் லாக் உண்டு, அமெரிக்க கார்ட்ரிட்ஜுக்கு அமெரிக்க மெஷின் வேணும்.

ஸ்டெப்டவுன்_சாமி:
மூணாவது கேள்விக்கு. நேரா 230ல சொருகினா பவர் சப்ளை காலி, அதனால கேட்டது நல்லது.

கடையில "கன்வர்ட்டர்"னு கேட்காதீங்க. உள்ளங்கை சைஸ்ல, 1600 வாட்ஸ்னு எழுதி, எடையே இல்லாத ஒண்ணைக் கொடுப்பாங்க. அது அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையருக்கானது. மின் அலையை வெட்டி வெட்டித்தான் அனுப்பும், கேம் மெஷினுக்கு ஆகாது. "டிரான்ஸ்ஃபார்மர் டைப் ஸ்டெப் டவுன்"னு கேளுங்க. தூக்கினா கனக்கணும். சாட்டர்ன் இழுக்கறது சுமார் 25 வாட்ஸ்தான், 100 வாட்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம்.

ரெடிமேடா கிடைக்கறது பெரும்பாலும் 110 வோல்ட். ஓடும், ஆனா டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டெபிலைசர் இல்ல, வர்றதை அதே விகிதத்துல குறைக்கும், அவ்வளவுதான். உங்க ஏரியாவுல ராத்திரி 250 ஏறினா 110 டைப்புல கிட்டத்தட்ட 120 வெளிய வரும். 100 டைப்புல 109தான். அதனால வைண்டிங் கடையில 230-க்கு 100னு சொல்லிச் சுத்தி வாங்கறது என் கட்சி. மெஷினைச் சொருகறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏசி ரேஞ்சுல வச்சு அவுட்புட்டைப் பாருங்க. படம் கருப்பு வெள்ளையா வந்தா மெஷின் பழுதுன்னு பயப்படாதீங்க, டிவி பால் மட்டும் எடுக்கற பழைய டப்பாவா இருக்கும். என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி முறை) எடுக்கற எல்சிடில கலர் வந்துடும்.

இன்னொண்ணு, பின்பக்க மூடிக்குள்ள சிஆர்2032 பேட்டரி இருக்கு. ஆன் பண்ணும்போதெல்லாம் மொழி, தேதி கேட்டா அது செத்துடுச்சு, சேவ் நிக்காது. உள்ள சேவ் ஏற்கனவே இருந்து அது வேணும்னா, மெஷின் ஓடிட்டு இருக்கும்போதே பேட்டரியை மாத்துங்க. அணைச்சுட்டுக் கழட்டினா போச்சு.

தாயக்கட்டை:
ஆட்டம் சிம்பிள். உருட்டு, காலிக் கட்டத்துல மிருகத்தை வை, அடுத்தவன் வந்தா வாடகை வாங்கு. எல்லாரையும் திவாலாக்கினா ஜெயிச்சாச்சு.

மாம்பலம்_மெமரிகார்டு:
கடைசி வரி தப்பு. இங்க திவாலானா ஆட்டம் முடியாது, ஆரம்பிச்ச இடமான கோட்டைக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆரம்பிப்பாங்க. கைப்பணமும் நிலத்து மதிப்பும் சேர்ந்து மேப்ல சொன்ன இலக்கைத் தொடணும், தொட்டுட்டுக் கோட்டைக்கு வந்து சேரணும். வர்ற வழியில யாராவது நிலத்துல மாட்டினா மொத்தம் குறைஞ்சுடும். கடைசி ரெண்டு சுத்துல நெஞ்சு அடிச்சுக்கறது அதனாலதான்.

கட்டு சரியா 50 சீட்டு, ஒரே சீட்டு அதிகபட்சம் 4. மிருகம் 25, ஆயுதம் கேடயம் வகை 10, மந்திரம் 15னு ஆரம்பிங்க. நாலு நிறத்தையும் கலக்காதீங்க, ரெண்டு போதும். காரணம் சண்டைக் கணக்குல இருக்கு. மிருகத்தோட நிறமும் நிலத்தோட நிறமும் ஒத்துப்போனா நிலத்து லெவலுக்கு (பணம் போட்டு ஏத்தற தரம்) 10 வீதம் எச்பி ஏறும். எச்பி 30 பச்சை மிருகம் லெவல் 3 பச்சை நிலத்துல நின்னா 60. எஸ்டி 40 மிருகத்தோட உள்ள போனா சாகாது. 30 கூட்டற ஆயுதம் சேர்த்தா 70, செத்துடும், நிலம் லெவலோட உங்களுக்கு. சுருள்னு ஒரு வகைச் சீட்டு இருக்கு, அது நிலம் தர்ற எச்பியைக் கண்டுக்காது. அதே மிருகத்தைச் சாய்க்க 30 அடிக்கற சுருள் ஒண்ணே போதும். எதிராளியும் கேடயம் எடுக்கலாம்கறதை மறந்துடாதீங்க.

போய் ஜெயிக்கலைன்னா வாடகையும் கட்டணும், அதுக்கு மன்னிப்பு இல்ல.

எல்லார் கையில இருக்கற சீட்டும் திரையிலயே தெரியும். அதனால முட்டறதுக்கு முன்னாடி எதிராளி கையைப் படிங்க. ரம்மி பழக்கத்துல தன் சீட்டையே பார்த்துட்டு உட்கார்ந்தா அடி வாங்குவீங்க.

புதுசா ஆடறவங்க கவுர்ற இடம் ஒண்ணே ஒண்ணு. கைப்பணத்தை எல்லாம் நிலத்து லெவல்ல கொட்டிடறது. அடுத்த உருட்டுல எதிராளியோட பெரிய நிலத்துல விழுந்தா, வாடகைக்கு உங்க நிலத்தையே விக்கணும். முன்னாடி ஆறு கட்டத்துக்குள்ள இருக்கற பெரிய வாடகை எவ்வளவோ அவ்வளவு கையில வச்சுட்டு மிச்சத்தைப் போடுங்க. வழியில இருக்கற சின்னக் கோட்டைகளை எல்லாம் தொட்டாதான் ஒரு சுத்து முடிச்சதுக்கான பணம், ஒண்ணை விட்டுட்டு ஓடினா வெறும் நடைதான்.

ராயபுரம்88:
நன்றி சாமி அண்ணா, 100 டைப்பே சுத்தச் சொல்லிடறேன். ஒரு சந்தேகம். இந்த வரிசையில ஏதோ ஒரு பாகத்துல பகடை ஏமாத்தும்னு எங்கயோ படிச்சேன். இதுலயா?

தாயக்கட்டை:
அது சாட்டர்ன் இல்ல, எக்ஸ்பாக்ஸ் 360 கல்ட்செப்ட் சாகா. ஜப்பான்ல 2006ல வந்தது. பகடை ஒற்றைப்படை, இரட்டைப்படை, ஒற்றைப்படைன்னு மாறி மாறியே விழுந்துச்சு. அடுத்தது எதுன்னு பாதி தெரிஞ்சுட்டா அப்புறம் எதுக்குப் பகடை? பிறகு திருத்தம் விட்டாங்க.

அதுக்குச் சொல்லப்பட்ட காரணம் அழகா இருக்கும். கம்ப்யூட்டர் பகடையை உருட்டாது, பழைய எண்ணை ஒரு எண்ணால பெருக்கி இன்னொண்ணைக் கூட்டி, வர்றதுல கடைசிப் பகுதியை மட்டும் வச்சுக்கும். கையாலயே போட்டுப் பாருங்க: 5ஆல பெருக்கு, 3 கூட்டு, 16ஆல வகுத்த மிச்சத்தை எடு. 4ல ஆரம்பிச்சா 7, 6, 1, 8, 11. இரட்டை, ஒற்றை, இரட்டை, ஒற்றைன்னு மாறாமப் போகும். பெருக்கறதும் ஒற்றைப்படை, கூட்டறதும் ஒற்றைப்படை, 16 இரட்டைப்படை, வேற வழியே கிடையாது. இதை 6ஆல வகுத்து மிச்சத்தோட 1 கூட்டினா பகடை: 5, 2, 1, 2, 3, 6. ஆறும் இரட்டைப்படைங்கறதால அந்த மாறாட்டம் அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துடுது. எண்ணோட கடைசிப் பகுதியை விட்டுட்டு மேல்பகுதியை எடுத்திருந்தா தப்பிச்சிருக்கும்.

மாம்பலம்_மெமரிகார்டு:
பகடையை நம்பாதவங்களுக்கு ஹோலி வேர்ட் 6னு ஒரு மந்திரச் சீட்டு உண்டு. யார் மேல போட்டாலும் அவருக்கு அடுத்த உருட்டு ஆறுதான். தன் மேலயே போட்டுத் தப்பிக்கறது ஒரு வகை. எதிராளி உங்க லெவல் 5 நிலத்துக்குச் சரியா ஆறு கட்டம் பின்னாடி நிக்கும்போது அவர் மேல போடறதுதான் அதோட அசல் வேலை. அவருக்கும் உங்க கையில அது இருக்கறது தெரியும். அதுக்கு முன்னாடி அவர் கையில என்ன ஆயுதம், என்ன சுருள்னு பார்த்துட்டுப் போடுங்க. இல்லன்னா நீங்களே அவரைக் கூட்டிட்டு வந்து நிலத்தைத் தாரை வார்த்த கதை ஆயிடும்.