திரையில் பச்சைக் கோடு, வாரண்டி இல்லை என்கிறார்கள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்காக மதுரையில் 10 மாதம் முன்பு 24,000 ரூபாய்க்கு வாங்கிய போன், அமோலெட் திரை. போன வாரம் சாஃப்ட்வேர் அப்டேட் முடிந்து ஆன் ஆனதும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய பச்சைக் கோடு. மறுநாள் இரண்டு கோடு. போன் கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை, கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

சர்வீஸ் சென்டரில், ஓரத்தில் சின்ன நசுங்கல் இருக்கிறது, அதனால் வாரண்டி கிடையாது, திரை மாற்ற 9,500 ரூபாய் என்கிறார்கள். அந்த நசுங்கலால்தான் கோடு வந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன், மறுத்துவிட்டார்கள். நல்லவேளை, போனைக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும் வீடியோ எடுத்திருந்தேன். அதில் நசுங்கலே இல்லை! பில்லும், போனை வாங்கியபோது சர்வீஸ் சென்டரில் கொடுத்த தேதியிட்ட ஜாப் ஷீட்டும் (பழுது விவரச் சீட்டு) கையில் இருக்கின்றன.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன். இப்படிக் கொடுத்து யாருக்காவது இலவசமாகத் திரை மாறியதா? எத்தனை நாள் ஆனது? அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமல் தாங்களே போனவர்கள் இருந்தால், மனுவை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், இவர்கள் இழுத்தடிப்பதற்குள் 12 மாத வாரண்டி முடிந்துவிட்டால் ஜாப் ஷீட் தேதியைக் கணக்கில் எடுப்பார்களா?

அம்மா தினமும் பேத்தியை வீடியோ காலில் பார்ப்பது இந்தப் போனில்தான். தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.