குற்றச் செய்தியில் இருந்து புத்தகத்துக்கு: திருகோணமலை நிருபர் எங்கே தொடங்குவது?

கேள்வி: உப்புவெளி நிருபர்

வணக்கம். திருகோணமலையில் பிராந்திய நிருபராக வேலை செய்கிறேன். பொலிஸ், நீதிமன்றச் செய்திகள்தான் பெரும்பாலும். மூதூர்ப் பக்கம் 2001இல் நடந்த ஒரு கொலையைப் பற்றிப் புத்தகம் எழுத நினைக்கிறேன். மேல் நீதிமன்றத்தில் மரண தண்டனை விதித்தார்கள். பத்திரிகையில் வந்த செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன், அவற்றில் பாதி நான் எழுதியவை. இதை வைத்தே எழுதலாமா, வேறு என்ன ஆவணம் எடுக்க வேண்டும்? என்னுடைய செய்திகளை நானே எடுத்துப் போட உரிமை இருக்கிறதா? வேலையை விட்டால்தான் முடியும் என்கிறார்கள், அதுவும் உண்மையா?

பதில்: கோட்டையடி

தம்பி, செய்தி வெட்டுகள் திகதி பார்க்க உதவும். புத்தகத்தை அதன்மேல் கட்ட வேண்டாம். குற்றச் செய்தியில் முதல் நாள் வருவது பொலிஸார் சொன்னது, கடைசி நாள் வருவது தீர்ப்பு. இடையில் சாட்சிகள் என்ன சொன்னார்கள், குறுக்கு விசாரணையில் எது உடைந்தது என்பது பத்திரிகையில் அநேகமாக வந்திருக்காது. புத்தகம் அந்த இடைவெளியைத்தான் நிரப்ப வேண்டும்.

முதலில் வழக்கு உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மேல் நீதிமன்றத் தீர்ப்போடு பத்திரிகை ஓய்ந்துவிடும். மேன்முறையீட்டு நீதிமன்றம் கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மனிதக் கொலையாகக் குறைத்திருக்கலாம், மறுவிசாரணைக்கு அனுப்பியிருக்கலாம், விடுதலையும் செய்திருக்கலாம். அதைப் பார்க்காமல் ஒருவரைக் ‘கொலைகாரர்’ என்று அச்சிட்டால் அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மரண தண்டனை என்பதும் கதையின் முடிவல்ல. 1976க்குப் பிறகு இலங்கையில் அது நிறைவேற்றப்படவில்லை. அந்த ஆள் இப்போது ஆயுள் கைதியா, வெளியில் வந்துவிட்டாரா, இறந்துவிட்டாரா என்பதை நீங்கள் தேடித்தான் எழுத வேண்டும்.

ஆவணங்களை இந்த ஒழுங்கில் தேடுங்கள். நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் தாக்கல் செய்த ‘பி’ அறிக்கையும் மேலதிக அறிக்கைகளும். மரண விசாரணைக் குறிப்பு. சட்ட வைத்திய அதிகாரியின் பிரேத பரிசோதனை அறிக்கை. சுருக்கமுறையற்ற விசாரணையில், அதாவது வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போக முன் நீதவான் நடத்தும் ஆரம்ப விசாரணையில், பதிந்த சாட்சியம். சட்டமா அதிபரின் குற்றப்பத்திரிகை. மேல் நீதிமன்ற நடவடிக்கைக் குறிப்பு, தீர்ப்பு. மேன்முறையீடு போயிருந்தால் அந்தத் தீர்ப்பு. வழக்கு இலக்கம் தெரியாமல் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். நீதவான் நீதிமன்ற இலக்கம் வேறு, மேல் நீதிமன்ற இலக்கம் வேறு. இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள். வழக்கில் நீங்கள் தரப்பினர் இல்லை என்பதால், சான்றுப்படுத்திய பிரதிக்கு ஒரு சட்டத்தரணி ஊடாக விண்ணப்பிப்பதுதான் வேகமான வழி.

மூன்று மொழிச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. நம் மாவட்டத்தில் பொலிஸ் வாக்குமூலம் பல நேரம் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும், வைத்திய அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும், நீதிமன்றச் சாட்சியம் தமிழில் இருக்கும். ஒரே சாட்சி சொன்ன ஒரே விடயம் மூன்று இடத்தில் மூன்று மாதிரி நிற்கும். மொழிபெயர்ப்பில் வந்த வேறுபாட்டைச் சாட்சியின் பொய்யென்று எழுதிவிடாதீர்கள். முரண்பாடு தெரிகிற வரிகளையாவது மூலத்தில் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

உங்கள் வழக்கு 2001 என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: நேரம். 1996இல் இலங்கை அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியது. அந்த ஆண்டு ஒக்டோபரில் இருந்து 2006 ஏப்ரல் வரை நாட்டின் நேரம் இன்றைய நேரத்தை விட அரை மணி முந்தி இருந்தது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நடந்தது. அந்தக் காலத்தில் மூதூரில் ஒருவர் இரவு ஏழரை என்பார், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த சம்பூர்ப் பக்கத்தில் இருந்து வந்தவர் ஏழு மணி என்பார். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருப்பார்கள். ‘புது நேரம், பழைய நேரம்’ என்று அன்று எல்லோரும் கேட்டார்கள், நடவடிக்கைக் குறிப்பில் அது பதியப்பட்டிருக்க வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு நேரத்தின் பக்கத்திலும் யார் சொன்னது, எந்தப் பகுதியில் இருந்து வந்தவர் என்று எழுதி வையுங்கள். இருட்டில் அடையாளம் கண்டேன் என்ற சாட்சிக்கு இந்த அரை மணி முக்கியம். அன்றைய நிலவைப் பார்க்க அந்த ஆண்டின் போயா (பௌர்ணமி) நாள் போதும். போயாவில் இருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணினால் நிலவு எப்போது எழுந்திருக்கும் என்பது பிடிபடும்.

பதில்: மூதூர் சட்டத்தரணி

கோட்டையடி ஐயா சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

உங்கள் பழைய செய்திகளில் ‘சந்தேகநபர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் எனப் பொலிஸார் தெரிவித்தனர்’ என்ற வரி இருக்கும். புத்தகத்துக்கு அதை எடுக்க வேண்டாம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. அதனால் அது வழக்கில் வந்தே இருக்காது. பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கு வேறு. அங்கே உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவர் பதிந்த ஒப்புதலை ஏற்க இடம் உண்டு. உங்கள் வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று குற்றப்பத்திரிகையில் பாருங்கள்.

குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டுவிட்டது. சிவில் வழக்கு இன்னும் உண்டு. நீதிமன்ற நடவடிக்கையை நேர்மையாக, பிழையின்றி அறிக்கையிட்டால் ஒரு பாதுகாப்பு கிடைக்கும். அந்தப் பாதுகாப்பு நீங்கள் அதோடு சேர்க்கிற ஊகத்துக்குக் கிடைக்காது. ‘அரச தரப்பு இப்படிச் சொன்னது’ என்பதை ‘இப்படி நடந்தது’ என்று மாற்றுகிற இடத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். விடுவிக்கப்பட்ட எதிரிகள், வழக்கில் பெயர் மட்டும் வந்து போனவர்கள், இவர்கள் பற்றிய ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசியுங்கள்.

பாலியல் குற்றம் கலந்திருந்தால் தண்டனைச் சட்டக் கோவையின் 365சி பிரிவு பாதிக்கப்பட்டவரின் பெயரையும், அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடத் தடை செய்கிறது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்க வேண்டாம். கிராமம், பாடசாலை, தகப்பனின் தொழில் மூன்றும் இருந்தால் இங்கே எல்லோருக்கும் ஆள் தெரியும். சாட்சிகளுக்கு 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, அதையும் வாசித்து வையுங்கள்.

வழக்கின் ஏதாவது ஒரு கிளை இன்னும் நிலுவையில் இருந்தால் பொறுங்கள். 2024ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் இப்போது இருக்கிறது. மும்பையில் 1993 குண்டுவெடிப்புகள் பற்றிக் குற்ற நிருபர் ஹுசைன் சைதி எழுதிய நூலைத் தழுவிய படத்தை, தீர்ப்புக்கு முன் வெளியிடக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2007இல்தான் அது திரைக்கு வந்தது.

பதிப்புரிமைக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பாருங்கள். ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதியதும், பத்திரிகை கேட்டு எழுதிக் கொடுத்ததும், ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால் நிறுவனத்துக்கே. பிராந்திய நிருபர்கள் பலர் ஊழியர்கள் இல்லை, வந்த செய்திக்குக் கொடுப்பனவு வாங்குகிறவர்கள். ஆகவே உங்கள் நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. செய்தியில் உள்ள தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைப் புதிதாக எழுதலாம். படங்களுக்கு மட்டும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பதில்: நிலாவெளி

பிரேத பரிசோதனை அறிக்கையை வாசிப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. குற்ற நூல்களில் அதிகம் பிழைக்கிற இடம் அதுதான். அறிக்கையில் ‘லாசரேஷன்’ என்று இருப்பதை வெட்டுக்காயம் என்று எழுதிவிடுகிறார்கள். அது கிழிகாயம். பொல்லு, கல் மாதிரி மழுங்கிய பொருளால் தோல் நசுங்கிக் கிழிவது. ஓரம் சிதைந்து, சுற்றிக் கன்றல் இருக்கும். கத்தியால் வரும் வெட்டுக்காயத்தின் ஓரம் சீராக இருக்கும். குத்துக்காயத்தில் தோலில் தெரியும் நீளத்தை விட ஆழம் அதிகம். இதை மாற்றி எழுதினால் ஆயுதமே மாறிப்போகும், ஆயுதம் மாறினால் ஆளும் மாறலாம். தோலில் உள்ள காயத்தின் நீளத்தைக் கத்தியின் அகலமென்று கணக்குப் போடவும் கூடாது. தோல் இழுபட்டுச் சுருங்கும், கத்தியும் உள்ளே அசையும்.

மரண நேரத்தை ஒரு மணிக்குள் சுருக்கி எழுதாதீர்கள். நம் வெக்கையில் உடல் மெதுவாகத்தான் குளிரும், விறைப்பு சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி கொழும்பில் கொல்லப்பட்ட வழக்கு பெரும்பாலும் மரண நேரத்தைச் சுற்றியே நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட சதாசிவத்துக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார், 1953இல் சதாசிவம் விடுதலையானார். இரண்டு நிபுணர்கள் இரண்டு நேரம் சொன்னால் இரண்டையும், ஒவ்வொன்றுக்கும் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள்.

காயத்தைக் கண்ணால் பார்த்துப் பதிந்து வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று திருகோணமலையில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களும் கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. அவர்கள் உடலில் இருந்தது துப்பாக்கிச் சூட்டுக் காயம் என்பதைச் சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கின் சந்தேகநபர்கள் 13 பேரும் 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். படம் எடுத்தவரின் பெயரைச் சொல்லாமல் அந்தப் படங்களை யாரும் பாவிக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: உப்புவெளி நிருபர்

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய நேரம், புது நேர விடயம் என் மனதில் வரவே இல்லை. பொலிஸிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் ஏதாவது கிடைக்குமா? வேலையைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது.

பதில்: கோட்டையடி

கேட்கலாம், எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ‘விசாரணைக் கோப்பு முழுவதும்’ என்று கேட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) 5ஆம் பிரிவை, எவற்றைக் கொடுக்க மறுக்கலாம் என்று சொல்லும் பிரிவை, காட்டி மறுப்பார்கள். முறைப்பாடு பதிந்த திகதி, சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கோப்பு அனுப்பிய திகதி, சான்றுப் பொருட்கள் பகுப்பாய்வுக்குப் போய் வந்த திகதிகள் என்று துண்டு துண்டாகக் கேளுங்கள். முடிவு சொல்ல 14 வேலை நாட்கள். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். ஏற்றுக்கொண்ட பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள், மேன்முறையீட்டில் நாள் எண்ணுவது அதை வைத்துத்தான்.

வேலையை விட வேண்டாம். பால்டிமோர் நகரப் பொலிஸ் நிருபர் டேவிட் சைமன்கூட 1988இல் விடுமுறை எடுத்துத்தான் ஓராண்டு கொலைப் பிரிவோடு இருந்தார். நூல் வந்தது 1991இல், பத்திரிகையை விட்டது 1995இல். நம்மிடம் தமிழ் நூல் 300 அல்லது 500 பிரதி அச்சிடுகிறோம், அதில் வீடு நடக்காது. அதோடு, நிருபர் என்ற அடையாளம் இருக்கும்வரைதான் நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் பொலிஸிலும் உங்களோடு நின்று கதைப்பார்கள். ஆனால் புத்தகத்துக்காகக் கதைக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாளைய செய்திக்கென்று நினைத்துச் சொன்னதைப் புத்தகத்தில் பார்த்தால் அந்த ஆள் திரும்ப வாய் திறக்க மாட்டார். இறந்தவரின் குடும்பத்திடம் முதல் சந்திப்பில் குறிப்புப் புத்தகத்தை எடுக்காமல், என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

பதில்: மூதூர் சட்டத்தரணி

ஒரு சிறு விடயம். அச்சுக்குக் கொடுக்க முன் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஆவண இலக்கமும் பக்கமும் எழுதி, அந்தப் பிரதியை ஒரு சட்டத்தரணியிடம் வாசிக்கக் கொடுங்கள். ஓரம் வெறுமையாக இருக்கிற வரிகளை அவர் முதலில் கேட்பார். நூலுக்கான சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்கு கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை அச்சாக முன்னமே எடுத்துவிடுங்கள்.