நிசான் சன்னி வாங்கலாமா? அந்தக் கம்பெனியை நம்பலாமா?

கொருக்குப்பேட்டைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பாரிமுனையில் ஒரு பேப்பர் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் இதுதான் முதல் கார். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், ஆட்டோவில் ஏறி இறங்கவே கஷ்டப்படுகிறார்கள். தெரிந்தவர் மூலமாகத் தண்டையார்பேட்டையில் ஒரு 2014 நிசான் சன்னி டீசல் வந்திருக்கிறது. ஒரே ஓனர், 78,000 கிலோமீட்டர், 2,60,000 ரூபாய் சொல்கிறார். போன ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பின் சீட்டில் காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தவர்கள் அப்புறம் இறங்கவே மனசில்லாமல் இருந்தார்கள்.

ஆனால் வீட்டில் பேச்சு வேறு மாதிரி போகிறது. "நிசானா? அவனே எப்ப மூட்டை கட்டுவான்னு தெரியல, நீ போய் அவன் வண்டிய வாங்குறியே" என்கிறார் மாமா. ஜப்பான் கார் என்றால் டொயோட்டா, ஹோண்டா, சுசுகி என்று மூன்று பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நிசானைப் பற்றிக் கேட்டால், முதலாளி பெட்டிக்குள் ஒளிந்து ஓடிப்போன கம்பெனிதானே என்று சிரிக்கிறார்கள்.

வண்டியை மெக்கானிக்கிடம் காட்டிக்கொள்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது கம்பெனியைப் பற்றி. ஒரு காலத்தில் பெரிய பெயர் என்கிறார்களே, அது நிஜமா? நிஜமென்றால் எப்படிக் கெட்டது? இரண்டரை லட்சம் எங்களுக்குப் பெரிய பணம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூலக்கடை பெயிண்ட் கடை:

உங்கள் மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஷெவர்லே 2017-இல் இங்கே விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-இல் கிளம்புவதாக அறிவித்து, அடுத்த வருடம் மறைமலைநகர் ஃபாக்டரியில் கடைசி வண்டியை இறக்கியது. அந்த வண்டிகள் வைத்திருந்தவர்கள் விற்கப் போனபோது என்ன விலைக்குக் கேட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். முதல் கார் என்றால் மாருதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நிம்மதி.

அத்திப்பட்டு டிரைவர்:

தம்பி, நான் 2011-லிருந்து 2017 வரை எண்ணூர் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கார்களைக் கப்பலில் ஏற்றும் வேலை பார்த்தேன். நிசான் கார் எத்தனை ஓட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் ஓட்டியது யார்டிலிருந்து கப்பல் வரைக்கும்தான்.

அந்த வேலை எப்படியென்று கொஞ்சம் சொல்கிறேன். பெல்ட் பக்கிள், வாட்ச், மோதிரம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பெயிண்டில் ஒரு கோடு விழுந்தாலும் அந்தக் கார் ஏறாது. கல்யாண மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போவேன். பானெட்டின் மேல் வெள்ளை ஃபிலிம் ஒட்டியிருக்கும், அதன் மேல் நம்ம ஊர்ச் சாம்பல் தூசி படிந்திருக்கும். வரிசையாகக் கிளம்பி, இரும்புச் சாய்தளத்தில் ஏறி, தலை இடிக்கிற மாதிரித் தாழ்ந்த தட்டுக்குள் போக வேண்டும். உள்ளே ஒருவர் விசில் ஊதி ஊதிப் பின்னால் வரச் சொல்வார். பக்கத்துக் காருக்கும் நமக்கும் நடுவே ஒரு சாண்தான். கதவைக் கையால் பிடித்துக்கொண்டே வயிற்றை எக்கி வெளியே வருவோம். அதற்குள் நாலு மூலையிலும் பெல்ட் போட்டுத் தரையோடு கட்டிவிடுவார்கள். ஐரோப்பாவுக்குப் போகிற மைக்ராவில் ஸ்டியரிங் இடது பக்கம். முதல் ஒரு வாரம் கியர் போடப் போன என் இடது கை கதவில்தான் போய் இடித்தது.

ஒரே கார் கதவை ஒரு நாளில் நூறு முறை சாத்திப் பார்த்தவனுக்கு ஒன்று தெரிந்துவிடும். முதல் கதவு எந்தச் சத்தத்தில் சாத்தியதோ நூறாவது கதவும் அதே சத்தத்தில் சாத்தியது. நான் பார்த்தவரைக்கும் ஓரகடத்திலிருந்து வந்த வண்டிகள் அப்படித்தான் இருந்தன. ஓரகடம் ஃபாக்டரி திறந்தது 2010 மார்ச்சில். 2022 ஜூலையில் நிசானின் பத்து லட்சமாவது ஏற்றுமதிக் கார் நம்ம எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து போனது. நான் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் அன்று செய்தியில் பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கப்பல் தாமதமாகும் ராத்திரிகளில் செல்போனில் இந்தக் கம்பெனியின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன். அதனால் நீங்கள் கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். பெயர் பெரியதுதான், நிஜம்.

1911-இல் ஹஷிமோட்டோ மசுஜிரோ என்ற இன்ஜினியர் டோக்கியோவில் ஒரு சின்னக் கார் கம்பெனி ஆரம்பித்தார். பணம் போட்ட மூன்று பேர் டென், அவோயாமா, டகேயுச்சி. மூன்று பெயரின் முதல் ஆங்கில எழுத்தையும் சேர்த்து 'டாட்' என்று காருக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு ஒரு சின்னக் கார் வந்தது. டாட்டின் மகன் என்ற அர்த்தத்தில் 'டாட்சன்' என்றார்கள். ஜப்பானிய மொழியில் 'சோன்' என்றால் நஷ்டமாம். கடைக்குப் பெயர் வைக்கும்போது நம்ம ஊரில் பார்ப்பது மாதிரியே அவர்களும் பார்த்து, கடைசி எழுத்துகளை மாற்றிச் சூரியனைக் கொண்டுவந்தார்கள். அதுதான் டாட்சுன். 1933 டிசம்பரில் அயுகாவா யோஷிசுகே யோகோஹாமாவில் கம்பெனியை நிறுவினார். அடுத்த வருடம் அதற்கு நிசான் என்று பெயர் வந்தது.

போருக்குப் பிறகு, 1952-இல் இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு ஆஸ்டின் கார்களை ஜப்பானில் செய்து கற்றுக்கொண்டார்கள். 1953-இல் பெரிய வேலைநிறுத்தம், கதவடைப்பு. நூறு நாள் இழுத்த தகராறு அது. கடைசியில் பழைய சங்கம் உடைந்து, நிர்வாகத்தோடு ஒத்துப்போகிற புதுச் சங்கம் வந்தது. 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தைப் பற்றித் தாத்தா சொல்லிக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரன் நான். இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

அதற்கப்புறம் நல்ல காலம். 1966-இல் சன்னி வந்தது. நீங்கள் வாங்கப் போகிற பெயர்தான். அந்தப் பெயரை மக்களிடம் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், 80 லட்சத்துக்கு மேல் யோசனைகள் வந்தன. அதே வருடம் பிரின்ஸ் என்ற கம்பெனியையும் சேர்த்துக்கொண்டார்கள், ஸ்கைலைன் கார் அப்படித்தான் நிசானுக்கு வந்தது. அமெரிக்காவில் கட்டயாமா யுட்டகா என்பவர் இருந்தார். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த மனிதர். 1969-இல் வந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு ஜப்பானில் 'ஃபேர்லேடி' என்று பெயர். அமெரிக்காவில் இந்தப் பெயரோடு யார் வாங்குவார் என்று காரில் இருந்த அந்த எழுத்தை எடுக்க வைத்து, '240இசட்' என்று மாற்றினார். ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் வசதியானவர்களுக்கு மட்டும் என்றிருந்த நேரத்தில், ஆபீஸ் போகிறவன் வாங்குகிற விலைக்கு விற்றார். 2015-இல் 105 வயதில் இறந்தார்.

சறுக்கல் எங்கே என்றால், என் கணக்கில் 1981. உலகம் முழுக்க டாட்சுன் என்று தெரிந்த பெயரை அந்த வருடம் எடுக்க ஆரம்பித்து, 1986-க்குள் எல்லாவற்றுக்கும் நிசான் என்று போட்டார்கள். மக்கள் கூப்பிட்டுப் பழகிய பெயரை எதற்கு அழிக்க வேண்டும்? அப்புறம் 1990-கள் முழுக்கக் கடன் ஏறியது. 1999-இல் பிரான்ஸின் ரெனோ வந்து 36.8 சதவீதப் பங்கு வாங்கி, கார்லோஸ் கோஸ்னை அனுப்பியது. ஐந்து ஃபாக்டரி மூடல், 21,000 வேலை குறைப்பு. கம்பெனி பிழைத்தது. அவரை ஜப்பானில் கொண்டாடினார்கள். 2018 நவம்பரில் அதே கோஸ்ன், சம்பளத்தைக் குறைத்துக் காட்டியதாகச் சொல்லிக் கைது செய்யப்பட்டார். அவர் மறுத்தார். 2019 டிசம்பர் கடைசியில் ஒசாகா விமான நிலையம் வழியாக, ஒலிக் கருவி வைக்கும் பெட்டிக்குள் இருந்து லெபனானுக்குத் தப்பினார். உங்கள் வீட்டில் சிரிப்பது இதைத்தான். ஆனால் அதற்கும் நீங்கள் பார்த்த வண்டியின் இன்ஜினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இங்கேயும் அதே குணம்தான். அழித்த டாட்சுன் பெயரை 2013-இல் டெல்லியில் மறுபடி கொண்டுவந்தார்கள், 2022-இல் மறுபடி நிறுத்தினார்கள். அசோக் லேலண்டோடு சேர்ந்து 2011-இல் 'தோஸ்த்' வண்டி வந்தது. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏற்ற நிற்கிற வரிசையைப் பாருங்கள், எத்தனை தோஸ்த். அவ்வளவு நன்றாகப் போன வண்டி, ஆனால் கூட்டு முறிந்து 2016-இல் நிசான் பங்கை லேலண்டே வாங்கிக்கொண்டது. நல்ல பொருளாகச் செய்வார்கள், அதைக் கையில் பிடித்து வைத்துக்கொள்ள மட்டும் தெரியாது. எனக்கு இந்தக் கம்பெனி மேல் கோபம் என்றால் இது ஒன்றுதான்.

மாமாவின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. 2024-25 கணக்கில் 67,090 கோடி யென் நஷ்டம். ஹோண்டாவோடு இணையப் பேசி 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அதே மே மாதம் மொத்தம் 20,000 வேலை குறைப்பு, 17 ஃபாக்டரி பத்தாகும் என்று அறிவித்தார்கள். ஓரகடம் ஃபாக்டரி இப்போது முழுக்க ரெனோவின் கையில். நிசானின் மேக்னைட் அங்கேதான் தொடர்ந்து செய்யப்படுகிறது.

ஆனால் உங்கள் சன்னிக்கு ஒரு பலம் இருக்கிறது. அந்த 1.5 டீசல் இன்ஜின் ரெனோவுடையது. கே9கே என்பார்கள். டஸ்டர், லோகன், வெரிட்டோ, மைக்ரா, டெரானோ எல்லாவற்றிலும் அதுதான். ஐரோப்பாவில் மெர்சிடிஸ் ஏ கிளாஸில்கூடப் போட்டார்கள். எனவே நாளைக்கு நிசான் கடையை எடுத்தாலும் இன்ஜின் சாமான் கிடைக்கும், பழைய சாமான் விற்கிற புதுப்பேட்டையிலும் கிடைக்கும். லைட், பம்பர், கண்ணாடி மாதிரி பாடி சாமானுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும்.

ஓய்வு ஹவில்தார், பெரம்பூர்:

அத்திப்பட்டுத் தம்பி ஒன்றை விட்டுவிட்டார். நிசான் இந்தியாவுக்கு வந்தது 2010-இல் இல்லை. 1969-லிருந்து ஜபல்பூர் ராணுவ ஃபாக்டரியில் ஜோங்கா செய்தார்கள், அது நிசான் பேட்ரோல் வண்டிதான். நாலு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஆறு சிலிண்டர். நிசான் ஒன் டன் லாரியும் அங்கேதான் செய்தார்கள். நான் 1986-இல் சேர்ந்து, காஷ்மீர்ப் பக்கம் ஜோங்கா ஓட்டினேன். பெட்ரோலை நிறையக் குடிக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பனி உறைந்த காலையில் பானெட் மேல் கம்பளி போர்த்தி வைத்திருப்போம், எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் எட்டுப் பேரும் சாமானும் இருக்கும். என்னை நடு வழியில் அது ஒரு முறைகூட இறக்கிவிட்டதில்லை. நிசான் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது அந்த மலை ரோடுதான்.

மூலக்கடை பெயிண்ட் கடை:

இன்ஜின் பொதுவானது என்பது எனக்குத் தெரியாது, அண்ணா. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தம்பி, விலையை 2,20,000-க்குக் கீழே பேசுங்கள். திரும்ப விற்கும்போது இந்த வண்டிக்கு ஆள் கம்மி.

கொருக்குப்பேட்டைக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா, ஐயா. மாமாவுக்கு இதை அப்படியே படித்துக் காட்டினேன். ஜோங்கா கதையில் அமைதியாகிவிட்டார், அவருடைய சித்தப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். வண்டியில் குறிப்பாக எதைப் பார்க்க வேண்டும்? போன வருடம் மாமா பைக்கை ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, மாற்றாத பார்ட்டுக்கெல்லாம் பில் கட்டினார். அதனால் எனக்கு மெக்கானிக் சொல்வதை மட்டும் நம்பிப் போகப் பயமாக இருக்கிறது.

அத்திப்பட்டு டிரைவர்:

முதலில் டைமிங் பெல்ட். டீசலில் செயின் கிடையாது, பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால் வால்வு பிஸ்டனில் போய் மோதும், இன்ஜினே பிரிக்க வேண்டிவரும். எப்போது மாற்றினார் என்று பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஆர்சி புத்தகத்தில் லோன் பாக்கி ஏறியிருக்கிறதா பாருங்கள், ஏறியிருந்தால் பாக்கி இல்லை என்கிற வங்கியின் என்ஓசி கடிதம் கையில் வந்த பிறகுதான் பணம். 2029-இல் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். டிக்கி தரை விரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா பாருங்கள். கடல் ஓரத்து வண்டிக்கு அது கட்டாயம்.

ஓட்டிப் பார்க்கக் காலியான ரோட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் ஊர் ரயில்வே கேட் போதும். மதியம் வெயிலில், ஏசி போட்டு, அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, கேட் மூடியிருக்கும்போது வரிசையில் நில்லுங்கள். கூட்ஸ் ஒன்று போய் முடிகிறவரை இன்ஜினை அணைக்காதீர்கள், சூட்டு முள் நடுவிலேயே நிற்கிறதா பாருங்கள். கேட் தூக்கியதும் முன்னும் பின்னும் ஹாரன் அடிப்பார்கள், அவசரப்படாமல் முதல் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். நடுங்காமல் தண்டவாளத்தைத் தாண்டினால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.